பத்மநாபபுரம் கொட்டாரம்: கைடோடு போவதா, நாமாகவே சுற்றுவதா?

மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ சொந்தக்காரர்கள் வந்தால் எங்கள் வீட்டில் முதல் பேச்சு கன்னியாகுமரிக் கடல். அடுத்தது, "உங்க ஊர் அரண்மனையக் காட்டுங்க." தக்கலைப் பக்கம் அதை யாரும் அரண்மனை என்று சொல்வதில்லை, கொட்டாரம்தான். சின்ன வயதில் அப்பா கைபிடித்துக் கூட்டிப் போனார். இப்போது நான் ஆட்களைக் கூட்டிப் போகிறேன். எத்தனை தடவை என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வருமுன் ஒரே கேள்வி வரும்: கைடு வைக்கலாமா, டூர் பஸ்ஸிலேயே போய்விடலாமா, இல்லை நாமே பார்த்துக்கொண்டால் போதுமா?

எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான். முதலில் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். கைடு விஷயம் அதற்கு அப்புறம். நேரம் இல்லாமல் எவ்வளவு நல்ல கைடு வந்தாலும் ஓடத்தான் வேண்டியிருக்கும். நேரம் இருந்தால் உள்ளே இருக்கும் ஆட்களிடமே போதுமான அளவு கேட்டுக்கொள்ளலாம். எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

கைடு இல்லாமல் போகிறவர்கள் இந்த அளவாவது தெரிந்துகொண்டு போனால் உள்ளே பார்ப்பதெல்லாம் பேச ஆரம்பிக்கும்.

இந்த ஊரின் பழைய பெயர் கல்குளம். திருவிதாங்கூருக்கு முன்பு இந்தப் பக்கத்தை ஆண்ட வேணாட்டு அரசர்களின் இருப்பிடம். மரத்தில் எழுந்த இந்தக் கொட்டாரத்தின் பழைய பகுதி 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்குப் பெரிதும் காரணம் 1729 முதல் 1758 வரை ஆண்ட அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. சிதறிக் கிடந்த சிற்றரசுகளைச் சேர்த்துத் திருவிதாங்கூரை உருவாக்கியவர் அவர். 1741இல் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். 1750இல் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்துவிட்டு, சுவாமியின் தாசனாக நின்று ஆண்டார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனது இப்படித்தான். அவருக்கு அடுத்து வந்த தர்மராஜா காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது.

பிறகு 1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. கொட்டாரம் நிற்கும் மண் தமிழ்நாட்டுக்கு வந்தது. கொட்டாரம் மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. டிக்கெட் கொடுப்பவர், காவல் நிற்பவர், விளக்கம் சொல்பவர் எல்லாரும் கேரள அரசு ஊழியர்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். எங்களுக்கு இது பழகிப்போன விஷயம். வீட்டில் பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம் என்று இருக்கும் ஊரில் எல்லைக்கோடு எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

கைடு என்றால் எந்தக் கைடு?

கைடு என்று பொதுவாகச் சொல்கிறோம். இங்கே மூன்று வகை இருக்கிறது, மூன்றும் வேறு வேறு.

ஒன்று, கன்னியாகுமரியிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ கிளம்பும் பேக்கேஜ் டூர். சுசீந்திரம், கொட்டாரம், திற்பரப்பு அருவி, கன்னியாகுமரி சூரிய அஸ்தமனம் என்று ஒரே நாளில் அடுக்கியிருப்பார்கள். ஒருமுறை என் அத்தையும் மாமாவும் அப்படி ஒரு பஸ்ஸில் வந்தார்கள். கொட்டாரத்துக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். அத்தைக்கு முழங்கால் வலி. செங்குத்தான மரப்படியில் பாதி ஏறியபோதே கீழேயிருந்து விசில் வந்துவிட்டது. அன்னதானக் கூடமான ஊட்டுபுரையைத் தாண்டி எதையும் பார்க்காமல் திரும்பிப் போனார். இத்தனை தூரம் வந்தும் பார்க்க முடியவில்லையே என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னது இன்னும் எனக்கு வருத்தம்தான். தனியாக வண்டி பிடிக்க முடியாதவர்களுக்கும், மொழி தெரியாமல் தயங்குபவர்களுக்கும் பேக்கேஜ் உதவும், மறுக்கவில்லை. பதிவு செய்யும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "கொட்டாரத்துல எவ்வளவு நேரம் நிறுத்துவீங்க?" ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் வேறு ஏற்பாடு பாருங்கள்.

இரண்டாவது, நாமாகக் காசு கொடுத்து அமர்த்திக்கொள்ளும் தனிக் கைடு. சரித்திரத்தில் ஆர்வமுள்ள நாலைந்து பேர் சேர்ந்து வந்தால் நல்ல ஏற்பாடு. பேசும் முன்பே தொகை, மொழி, நேரம் மூன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது வகையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கொட்டாரத்துக்குள்ளேயே ஒவ்வொரு கட்டிடத்திலும் ஊழியர் ஒருவர் நிற்பார். கூட்டம் வந்து சேர்ந்ததும் அந்த இடத்தைப் பற்றி இரண்டு மூன்று நிமிடம் சொல்வார். பெரும்பாலும் தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள். நுழைவுச்சீட்டுக்கு மேல் இதற்குத் தனியாக எதுவும் கிடையாது. வருஷக்கணக்கில் அதே அறையில் நின்றவர்கள், எந்த உத்தரத்தில் எந்தச் சிற்பம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள். தனியாகப் போகிற நமக்கு இவர்களே கைடு.

நாளும் வழியும்

திங்கள்கிழமை விடுமுறை. இது தெரியாமல் ஞாயிறு கன்னியாகுமரியில் தங்கி மறுநாள் இங்கே வந்து பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும், மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூடி, மறுபடி திறந்து, மாலை நாலரை வாக்கில் டிக்கெட் நிறுத்திவிடுவார்கள். ஒன்பது மணிக்கே வாசலில் நில்லுங்கள். பதினொன்றுக்கு மேல் டூர் பஸ்கள் வரிசையாக வரும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் அதிகம். டிசம்பர், ஜனவரியில் பள்ளிக்கூடச் சுற்றுலாவும் சேர்ந்துகொள்ளும். செவ்வாய், புதன், வியாழன் காலை நல்ல நேரம்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம், மார்த்தாண்டம் போகும் பஸ்கள் தக்கலையில் நிற்கும். ரயிலில் வந்தால் இரணியல் ஸ்டேஷன் பக்கம். தக்கலையிலிருந்து கொட்டாரம் இரண்டு கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோ கிடைக்கும். வழியில் கோட்டை மதிலைப் பாருங்கள். பின்னால் வேளிமலை. மழை இந்த மாவட்டத்துக்கு ஆனியிலும் உண்டு, ஐப்பசியிலும் உண்டு, அதனால் குடை இருக்கட்டும். மழை நாளில் கொட்டாரம் இருட்டாக இருக்கும், ஆனால் ஓட்டுக்கூரையிலிருந்து நடுமுற்றத்தில் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

செருப்பை வெளியே விட வேண்டும். கேமராவுக்குத் தனிச் சீட்டு. பெரிய பை எடுத்து வராதீர்கள்.

உள்ளே நடக்கும் முறை

கொட்டாரத்துக்குள் பாதை பெரும்பாலும் ஒருவழிதான். ஒரு கட்டிடத்தைத் தாண்டிவிட்டால் எதிர்த்திசையில் திரும்பி வருவது கஷ்டம். அதனால் நான் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுப்பேன். ஒவ்வொரு இடத்திலும் கூட்டத்தோடு நின்று ஊழியர் சொல்வதைக் கேளுங்கள். அவர் முடித்ததும் கூட்டம் நகரும். நீங்கள் நகராதீர்கள். ஓரமாக ஒதுங்கி அவர்களை முன்னே விடுங்கள். அடுத்த கூட்டம் வருவதற்குள் மூன்று நான்கு நிமிடம் அறை உங்களுக்கே கிடைக்கும். கைடோடு போகிறவருக்குக் கிடைக்கும் விளக்கமும், தனியாகப் போகிறவருக்குக் கிடைக்கும் அமைதியும் இரண்டும் இந்த முறையில் கைக்கு வரும்.

பூமுகத்தில் தொடங்குங்கள். அரசர் வந்தவர்களைச் சந்தித்த முன்மண்டபம் இது. அண்ணாந்து பாருங்கள். மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்று மாதிரி இன்னொன்று கிடையாது. சின்னப் பிள்ளைகள் வந்தால் "ஒரே மாதிரி ரெண்டு பூ கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள், பத்து நிமிடம் தேடுவார்கள். குதிரை வீரன் உருவத்தோடு தொங்கும் விளக்கு, கருங்கல் கட்டில், சீன நாற்காலி, சுவரில் ஓணவில்லுகள் (ஓணத்துக்குச் செய்யும், வில் வடிவ ஓவியப் பலகைகள்) என்று எல்லாம் இந்த ஒரு சின்ன மண்டபத்தில். முதல் இடம் என்பதால் எல்லாரும் அவசரமாகப் போட்டோ எடுத்துவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். அவர்களைப் போக விடுங்கள்.

மேலே மந்திரசாலை. அரசரும் அமைச்சர்களும் ஆலோசனை செய்த இடம். படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். வயதானவர்கள் முன்னால் ஏற, இளையவர் ஒருவர் பின்னால் வரட்டும். ஜன்னல்களில் வண்ண அபிரகத் (மைக்கா) தகடுகள் பதித்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மங்கலான வெளிச்சமும் குளிர்ச்சியும்தான். மரச்சட்டங்களின் இடுக்கு வழியே காற்று நுழையும், உள்ளேயிருந்து வெளியே பார்க்கலாம், வெளியேயிருந்து யாரும் உள்ளே பார்க்க முடியாது. இனி தரையைப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி மாதிரி முகம் தெரியும். எரித்த சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச் சாறு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்று ஊழியர் சொல்வார். வெறுங்காலில் நடக்கும்போது அந்த வழவழப்பும் குளிர்ச்சியும் உள்ளங்காலில் ஏறும். செருப்பை வெளியே விடச் சொன்னதற்கு நன்றி சொல்லத் தோன்றும்.

அடுத்து ஊட்டுபுரை. ஊட்டு, புரை, இரண்டும் நம் சொற்கள்தான். சோறு ஊட்டிய வீடு. இரண்டு மாடி, இருபுறமும் தூண் வரிசை, ஒரே நீளம். மேலும் கீழுமாக இரண்டாயிரம் பேருக்கு அன்னதானம் நடந்த இடம் என்பார்கள். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீனச் சாடிகள் இருக்கின்றன. வெளியே பீடத்தில் உருண்டைக் கல் ஒன்று இருக்கும், 38 கிலோ. படையில் சேர வருகிறவன் அதை 101 தடவை தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்பது கதை. பக்கத்திலேயே மணிமாளிகை, நாட்டுக் கொல்லர் கைவண்ணத்தில் வந்த கடிகாரம் அதன் உச்சியில்.

தாய்க் கொட்டாரம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இருப்பதிலேயே பழையது. நாலுகட்டு வீடு, நடுவில் முற்றம், மேலே திறந்த வானம். குமரி மாவட்டத்துப் பழைய தறவாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது அரண்மனையாகத் தெரியாது, பாட்டி வீடாகத் தெரியும். மூலையில் ஏகாந்த மண்டபம். அங்கே பலாமரத்தில் கடைந்த ஒரு தூண் இருக்கிறது. அதன் நுணுக்கத்தை எழுத்தில் சொல்லி முடியாது. வளையம் வளையமாக, பூப்பூவாக, விரல் நுழையாத இடத்தில்கூட உளி போயிருக்கிறது. கைடுகள் இதைத் தாண்டி வேகமாக நடப்பார்கள், ஏனென்றால் இங்கே சொல்ல ராஜா கதை குறைவு. நீங்கள் இந்தத் தூணுக்கு மட்டும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

இங்கிருந்து இன்னொரு கொட்டாரத்துக்குச் சுரங்கப்பாதை போனதாக ஊழியர்கள் காட்டுவார்கள். பிள்ளைகள் அங்கிருந்து நகரமாட்டார்கள்.

உப்பரிகை மாளிகை நான்கு அடுக்கு. மார்த்தாண்ட வர்மா காலத்தில் எழுந்தது. கீழே கஜானா, அதற்கு மேல் அரசர் படுக்கை. பல மூலிகை மரங்களைச் சேர்த்துச் செய்த கட்டில் அங்கே இருக்கிறது. மேல்தளம் அரசருக்கு அல்ல, பத்மநாப சுவாமிக்கு. சுவரெங்கும் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். அவை கெட்டுப்போகாமல் இருக்க அந்தத் தளத்தைப் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. தனிக் கைடு வைத்தாலும் அங்கே ஏற முடியாது, அதனால் "ஸ்பெஷலா காட்டுறேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாட்டைச் சுவாமிக்கு எழுதி வைத்தவர் தன் படுக்கைக்கு மேலே சுவாமிக்கு அறை கட்டியிருக்கிறார் என்பதைக் கீழே நின்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

பிறகு அரசிகள் இருந்த பகுதிகள், நீண்ட தாழ்வாரங்கள். வேகமாகப் பார்த்துப் போகலாம். இந்திர விலாசம் வெளிநாட்டு விருந்தினருக்காகக் கட்டியது. கதவும் கூரையும் சட்டென்று உயர்ந்துவிடும், மர வீட்டிலிருந்து வேறு ஊருக்கு வந்த மாதிரி. அங்கிருந்து நவராத்திரி மண்டபம். இதுவரை மரம், இங்கே முழுக்கக் கருங்கல், சிற்பத் தூண்கள். பக்கத்தில் சரஸ்வதி சன்னதி. கம்பர் வழிபட்ட சரஸ்வதி என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். ஒவ்வொரு வருஷமும் நவராத்திரிக்கு முன்னால் இந்தச் சரஸ்வதியும், குமாரகோவில் வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். கிளம்பும் நாளில் உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும். இரண்டு மாநில அதிகாரிகளும் வந்து நிற்பார்கள். அன்று கொட்டாரத்தை நிதானமாகப் பார்க்க முடியாது. ஆனால் ஒருமுறையாவது அந்தக் கூட்டத்தில் நின்று பாருங்கள்.

கடைசியில் தெற்கே கொட்டாரம் என்ற கட்டிடமும் வாசல் பக்கம் உள்ள அருங்காட்சியகமும். அங்கே கல்வெட்டுகளும் சிற்பங்களும் இருக்கின்றன. களைத்துப் போய் முக்கால்வாசிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

என்ன கேட்பது, எதை எப்படி எடுத்துக்கொள்வது

கைடு சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆதாரம் உள்ளது: ஆண்டு, அரசர் பெயர், போர். மற்றது வாய்வழி வந்தது: 101 தடவை தூக்கிய கல், சுரங்கப்பாதை. மூலிகைக் கட்டிலில் 64 வகை மரம் என்று ஒருவர் சொல்வார், டச்சுக்காரர் கொடுத்த பரிசு என்று இன்னொருவர் சேர்ப்பார். வாய்வழிக் கதையைத் தள்ளிவிட வேண்டாம். ஊர் ஒரு இடத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பது அதில்தான் தெரியும். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது "இது கதை" என்று சொல்லியே சொல்லுங்கள்.

ஊழியரிடம் "இது எந்த வருஷம் கட்டினது?" என்று கேட்டால் மனப்பாடமாக ஒரு பதில் வரும். "இந்தத் தரையை இப்ப எப்படிப் பராமரிக்கிறீங்க? மழைக்காலத்துல என்ன ஆகும்? இந்த மரத்துல கரையான் வராதா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து பத்து நிமிடம் பேசுவார்கள். ஒருமுறை அப்படிக் கேட்டதற்கு ஒரு பெரியவர் என்னை ஜன்னலருகே கூட்டிப் போய், எந்தச் சட்டம் பழையது, எது பிறகு மாற்றியது என்று தொட்டுக் காட்டினார். கூட்டம் இல்லாத காலை நேரத்தில்தான் இதெல்லாம் நடக்கும்.

மற்ற கொட்டாரங்களுக்கு இதே முறை சரியாக வருமா?

எல்லா இடத்துக்கும் வராது. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயில் பக்கத்தில் இருக்கும் குதிரமாளிகை, சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது. கூரை தாங்கிகளில் 122 குதிரைகள். அங்கே கைடோடு கூட்டமாகத்தான் உள்ளே அனுப்புவார்கள், உள்ளே போட்டோ எடுக்க முடியாது. பின்வரிசையில் நின்றால் பாதி கேட்காது, கைடுக்குப் பக்கத்திலேயே நடங்கள். வெளியே வந்த பிறகு குதிரைகளைக் கீழே நின்று தனியாகப் பார்க்கலாம். அதற்கும் திங்கள் விடுமுறை.

காயங்குளம் பக்கத்துக் கிருஷ்ணபுரம் கொட்டாரத்துக்குத் தாராளமாகத் தனியாகப் போங்கள். சின்ன இடம். அங்கே போவதே ஒரு சுவரோவியத்துக்காகத்தான்: கஜேந்திர மோட்சம், 154 சதுர அடி. குளித்து வரும் அரசர் கண்ணில் முதலில் படும்படி குளத்துப் பக்க வாசலில் வரைந்திருக்கிறார்கள். திருப்பூணித்துறை ஹில் பேலஸ் 1865இல் கொச்சி அரசர்கள் கட்டத் தொடங்கியது, பெரிய வளாகம். தனியாக, அரை நாள். மட்டாஞ்சேரி கொட்டாரத்தைப் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள், பிறகு டச்சுக்காரர் புதுப்பித்தார்கள். அங்கே ராமாயண ஓவியங்களைப் பார்க்க விவரம் தெரிந்த ஒருவர் உடன் இருந்தால் நல்லது, எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்று நாமாகப் பிரித்தறிவது கஷ்டம். அதற்கு விடுமுறை வெள்ளிக்கிழமை.

பத்மநாபபுரத்தையும் குதிரமாளிகையையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழி நெரிசல் உங்கள் பகலைத் தின்றுவிடும். காலை கொட்டாரம் முடிந்தபின் நேரமிருந்தால் நாகர்கோவில் சாலையில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள், பக்கம்தான். குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டிலனாய் என்ற டச்சுத் தளபதி, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையையே பழக்கினார். 1777இல் இறந்த அவருடைய கல்லறை அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. மேலே லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கும். அங்கே கைடு யாரும் இருக்கமாட்டார்கள். மரநிழலில் நின்று நீங்களே வாசித்துக்கொள்ளலாம்.